பனிச்சரிவு எச்சரிக்கை 'மிதம்' என்றால் போகலாமா? குல்மார்க் போகும் முன் தெரிய வேண்டியவை

ஜனவரி வந்தாலே இன்ஸ்டாகிராம் முழுக்க குல்மார்க்தான். கோண்டோலாவில் ஏறினால் சுமார் 3,900 மீட்டர் உயரத்தில், அஃபர்வாட் மலையில் இறக்கிவிடுவார்கள். அங்கே ஒரு பக்கம் பாதுகாப்புக் குழு கண்காணிக்கும் சரிவு. அந்த எல்லையைத் தாண்டினால் 'பேக்கன்ட்ரி', அதாவது யாரும் சோதிக்காத பனி.

2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட்டில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்தைச் சேர்ந்த இரண்டு பனிச்சறுக்கு வீரர்கள் இறந்தனர். 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கிலேயே இன்னொரு சரிவு ரஷ்யர் ஒருவரின் உயிரைப் பறித்தது.

எச்சரிக்கை இருக்கிறதே, அதைப் பார்த்துப் போனால் போதாதா?

டிஆர்டிஓ-வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ நிறுவனம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. பொதுமக்களுக்கு வந்து சேரும் தகவல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இந்த மாவட்டம், இத்தனை மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரம், இந்த அளவு ஆபத்து.

ஒரு முழு மாவட்டத்துக்கு ஒரே அளவு. நீங்கள் நிற்கப்போவதோ ஒரே ஒரு சரிவில். தினமும் டேட்டாவோடு மல்லுக்கட்டும் எனக்கு உறுத்துவது இதுதான்: சராசரி சொல்லும் எண் உங்கள் காலடியைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவில் ஆபத்தை 1 முதல் 5 வரை அளக்கிறார்கள். 5-க்கு 3 என்றால் நமக்கு ஏதோ பாஸ் மார்க் மாதிரி தெரியும். ஆனால் அங்கே நடக்கும் மரணங்களில் ஏறக்குறைய பாதி அந்த 3-இல்தான். 5 என்றால் யாரும் வெளியே போவதில்லை. 3 என்றால் கிளம்பிவிடுகிறார்கள்.

பனி ஏன் சரிகிறது?

ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. சீசன் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, கடுங்குளிரில் ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும். அதன்மேல் புதுப்பனியும் காற்று அள்ளிக் கொட்டும் பனியும் சேர்ந்து கெட்டிப் பலகையாகப் படியும். சர்க்கரைமேல் பலகை, அவ்வளவுதான். ஒருவரின் எடை பட்டாலே அடி அடுக்கு நொறுங்கி, மேலே உள்ளது மொத்தமாக வழுக்கி இறங்கும். சினிமாவில் வருவதுபோல கத்தியதால் பனி சரிவதில்லை. உயிரிழப்பு நேரும் பெரும்பாலான விபத்துகளில் சரிவைக் கிளப்புவது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான்.

இதற்கு ஏற்ற சாய்வு 30 முதல் 45 டிகிரி. சறுக்க ஆசையைத் தூண்டுவதும் அதே சாய்வுதான்! போனில் உள்ள லெவல் ஆப்பிலேயே இதை அளக்கலாம். நீங்கள் சமதளத்தில் நின்றாலும், தலைக்கு மேலே அப்படி ஒரு சரிவு இருந்தால் அது உங்கள்மீதுதான் வந்து விழும்.

காலடியில் 'வும்ப்' என்ற சத்தம், பனியில் ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், முந்தைய நாள் கொட்டிய கனமழை போன்ற பனி. இதில் ஒன்று தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

புதைந்தால் எவ்வளவு நேரம்?

முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் 10 பேரில் 9 பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் 3 பேர்தான். எந்த மீட்புப் படையும் 10 நிமிடத்தில் வந்து சேராது. உங்களைத் தோண்டப்போவது உடன் வந்தவர்கள்தான். அதனால் ஒவ்வொருவரிடமும் சிக்னல் அனுப்பும் பீக்கன் கருவி, பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும். வழிகாட்டியிடம் மட்டும் இருந்து பயனில்லை, புதைந்தது அவராகவும் இருக்கலாம்.

இது பனிச்சறுக்குக்கு மட்டுமல்ல. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில் இறந்த 29 பேரும் மலையேற்றப் பயிற்சிக் குழுவினர். அப்போது குளிர்காலம்கூடத் தொடங்கவில்லை.

ட்ரெக்கிங் நிறுவனத்திடம் பணம் கட்டும் முன் கேளுங்கள்: பாதையில் 30 டிகிரிக்கு மேல் சரிவு எங்கே வருகிறது? பீக்கன் எல்லோருக்கும் தருவீர்களா? பாதியில் திரும்பினால் பணம் என்னாகும்? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.