பேயும் இல்ல, செய்வினையும் இல்ல... மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை இருக்கு!

"நல்லா வேலைக்கு போய்க்கிட்டு இருந்த பையன். 3 மாசமா வீட்டை விட்டு வெளியே வர்றது இல்ல. குளிக்கிறது இல்ல. ராத்திரி பூரா தூங்காம யாரோடயோ பேசுறான். சோத்துல விஷம் வச்சிருக்கேன்னு பெத்த தாயையே திட்டுறான்..."

இப்படி புலம்பும் ஒரு தாய் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவரிடம் அக்கம்பக்கத்தினர் என்ன சொல்வார்கள்?

"காத்து கருப்பு அடிச்சிருக்கும்" என்பார் ஒருவர். "யாரோ செய்வினை வச்சுட்டாங்க" என்பார் இன்னொருவர். "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று கல்யாண யோசனை சொல்வார் மற்றொருவர். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்பவர் கடைசியில்தான் வருவார். அதற்குள் ஒரு வருடம், 2 வருடம் ஓடிப் போயிருக்கும்.

அந்த பையனுக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இதை ஸ்கிசோபிரினியா என்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் போல இதுவும் ஒரு நோய்தான். இது தாக்கும் இடம் மூளை.

6 பஸ்சில் ஒருவர்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 300 முதல் 350 பேருக்கு ஒருவர் வீதம் இந்த நோய் உள்ளது. அதாவது நிரம்பி வழியும் 6 டவுன் பஸ்களில் போகிறவர்களை எண்ணினால் அதில் ஒருவர் இருப்பார். பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் கிடையாது.

பெரும்பாலும் 17, 18 வயதில் இருந்து 30 வயதுக்குள் தலைகாட்டும். ஆண்களுக்கு கொஞ்சம் சீக்கிரமாகவும், பெண்களுக்கு சில வருடங்கள் தள்ளியும் வருவது வழக்கம். படித்து முடித்து சம்பாதிக்கப் போகும் வயதில் வருவதால்தான் குடும்பமே ஆடிப் போய்விடுகிறது.

அறிகுறிகள் என்ன?

* யாரும் இல்லாதபோதும் காதில் குரல் கேட்கும். அந்த குரல் திட்டும், கேலி செய்யும், சில நேரம் உத்தரவு போடும். அதற்கு பதில் சொல்வதைத்தான் நாம் "தனியா பேசுறான்" என்கிறோம்.

* காரணமே இல்லாத சந்தேகம் வரும். போலீஸ் பின்தொடர்கிறது, டி.வி.யில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்பார்கள். எத்தனை ஆதாரம் காட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

* பேச்சு கோர்வையாக இருக்காது. ஒன்றைச் சொல்லிக்கொண்டே சம்பந்தம் இல்லாத வேறு ஒன்றுக்குத் தாவும்.

* குளிப்பது, உடை மாற்றுவது, நண்பர்களோடு பழகுவது எல்லாம் குறையும். முகத்தில் சிரிப்போ அழுகையோ இருக்காது. வீட்டில் இதைத்தான் "சோம்பேறி ஆயிட்டான்" என்று திட்டுவார்கள். இதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

இவற்றில் ஒன்று இருந்தாலே மனச்சிதைவு என்று நீங்களே முடிவு கட்டக்கூடாது. குடி, கஞ்சா, மூளைக் காய்ச்சல், வலிப்பு போன்ற காரணங்களாலும் இப்படி ஆகலாம். எது என்று கண்டுபிடிக்க வேண்டியது டாக்டர். ஆனால் சில வாரங்களாக இப்படி இருந்தால் காத்திருக்கக்கூடாது.

ஏன் வருகிறது?

ஒரே ஒரு காரணம் என்று சொல்ல முடியாது. மூளையில் செய்திகளைக் கடத்தும் 'டோபமைன்' போன்ற ரசாயனங்களின் செயல்பாடு மாறுவது முக்கியமானது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு சுமார் 10 தான். அதாவது 90 பேருக்கு வராது. சிறு வயதில் இருந்தே கஞ்சா புகைப்பது ஆபத்தை அதிகரிக்கும். தாயின் வளர்ப்பு சரியில்லாததால் வருகிறது என்பது வீண் பழி.

'அந்நியன்' வேறு, இது வேறு

2005-ம் ஆண்டு வெளிவந்த 'அந்நியன்' படத்தில் ஹீரோ திடீர் திடீரென வேறு ஆளாக மாறுவார். மனச்சிதைவு என்றால் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரே ஆள் பல ஆளாக மாறுவது தனிப் பிரச்சினை. அது அபூர்வம். மனச்சிதைவில் ஆள் மாறுவது இல்லை. எது நிஜம், எது பிரமை என்று பிரித்துப் பார்க்கும் சக்திதான் குறைகிறது.

இவர்கள் எல்லோரும் அடிப்பார்கள், வெட்டுவார்கள் என்பதும் தவறு. பெரும்பாலானவர்கள் யாரையும் தொந்தரவு செய்வது இல்லை. பயந்து ஒதுங்குகிறவர்களே அதிகம். மற்றவர்களிடம் அடி வாங்குவதும் ஏமாறுவதும் இவர்கள்தான். தற்கொலை ஆபத்தும் உண்டு. "செத்துடலாம்னு இருக்கு" என்று சொன்னால் அலட்சியமாக விடக்கூடாது.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும் என்பது எல்லாவற்றையும் விட பெரிய தவறு. நோய் அப்படியே இருக்கும். விஷயம் தெரியாமல் வந்த பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகும்.

ஏர்வாடி சொன்ன பாடம்

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலை ஒரு தனியார் மனநல காப்பகத்தில் தீப்பிடித்தது. கொட்டகைக்குள் நோயாளிகளை சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். தப்பி ஓட வழி இல்லை. 28 பேர் உடல் கருகி இறந்தனர். நாடே அதிர்ந்தது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கை விசாரித்தது.

அவர்களைக் கொண்டு வந்து விட்டவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வேறு வழி தெரியாமல், சாமி குணமாக்கும் என்று நம்பி வந்தவர்களும் உண்டு. இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநல பராமரிப்பு சட்டப்படி, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. மயக்க மருந்து கொடுக்காமல் 'ஷாக்' சிகிச்சை தரவும் தடை உள்ளது.

கோவிலுக்கோ, தர்காவுக்கோ, சர்ச்சுக்கோ போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கும்பிடுங்கள். கூடவே மாத்திரையும் கொடுங்கள்.

சிகிச்சை எப்படி?

1952-ம் ஆண்டு பிரான்சில் முதன்முதலாக இதற்கு மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. இப்போது பல வகை மாத்திரைகள் இருக்கின்றன. தினமும் மாத்திரை போட மறுப்பவர்களுக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

மாத்திரையால் தூக்கம், கை நடுக்கம், எடை கூடுவது போன்ற பக்க விளைவுகள் வரலாம். அதற்காக நீங்களாக நிறுத்தக்கூடாது. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். "இப்ப நல்லாயிட்டான், இனிமே எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்துவதால்தான் பலருக்கு நோய் திரும்பி வருகிறது.

குணம் ஆகுமா? 3 பேரில் ஒருவராவது முழுமையாக குணமடைய முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களிலும் பலர் மருந்தோடு வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். இந்த நோயால் பல ஆண்டுகள் அவதிப்பட்ட அமெரிக்க கணித மேதை ஜான் நாஷ், 1994-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நோயாளிக்கே தனக்கு நோய் இருப்பது தெரியாது. அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். "குரல் எல்லாம் இல்ல, சும்மா நடிக்காதே" என்று சண்டை போட்டு பயன் இல்லை. அவருக்கு அது நிஜமாகவே கேட்கிறது. அதற்காக "ஆமா, எனக்கும் கேட்குது" என்று பொய் சொல்லவும் கூடாது.

"எனக்கு கேட்கலப்பா. ஆனா உனக்கு பயமா இருக்கும்னு புரியுது. சரியா தூங்கலயே, அதுக்காவது டாக்டரைப் பார்த்துட்டு வரலாம், நானும் கூட வர்றேன்" என்று பேசிப் பாருங்கள். பல வீடுகளில் தூக்கத்துக்கு என்று போனவர்கள்தான் சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள்.

எங்கே போவது?

மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளிலும், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பணம் கட்டாமல் காட்டலாம், மருந்தும் வாங்கலாம். சென்னையில் 1794-ல் தொடங்கி செயல்பட்டு வரும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகம் இருக்கிறது. நாட்டின் முதல் பெண் மனநல டாக்டரான சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ப்' அமைப்பும் சென்னையில்தான் உள்ளது.

எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை இது. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம். நோயாளிதான் பேசவேண்டும் என்பது இல்லை. வீட்டில் உள்ளவர்களும் கேட்கலாம்.

எவ்வளவு சீக்கிரம் மருந்து தொடங்குகிறதோ, அவ்வளவு நல்லது. மந்திரவாதி வீட்டு வாசலில் கழியும் ஒவ்வொரு மாதமும் அந்த பிள்ளையின் வாழ்க்கையில் இருந்து கழிகிற மாதம். அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு தாய் புலம்பினால், "டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள்.