பல மரம் கண்ட தச்சன்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று ஒரு பழமொழி நம்மிடையே உண்டு. சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகிய அம்மொழியின் பொருளை நான் முழுமையாக உணர்ந்தது இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரிலே, ஒரு சிறு விடுதியின் சாப்பாட்டு மேசைக்கு முன்னேதான். மேசைமீது ஐந்து துண்டுப் பிரசுரங்கள் பரந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு எங்களை அழைத்தது. எங்கள் கையில் எஞ்சியிருந்ததோ ஒரே ஒரு பகற்பொழுது.

எங்கள் என்றது என்னையும் என் தமக்கையாரையும். சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் நம்மவர் பலர் குடியேறி வாழ்வதை நேயர்கள் அறிவர். அங்கே தொழில் புரியும் அக்காவின் மகன், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில், தாயையும் தாய்மாமனையும் தன்னிடம் வரவழைத்தான். சில வாரங்கள் கழிந்தபின், “ஊருக்குத் திரும்புமுன் புளோரன்ஸையும் பார்த்துவிட்டுப் போங்கள்” என்று, தன் உழைப்பிற் சேர்த்த பணத்திலே நான்கு நாட்களுக்கு ஒழுங்கு செய்து அனுப்பிவைத்தான்.

மூன்று நாட்கள் நகருக்குள்ளேயே சென்றன. 1436ஆம் ஆண்டில் புருனெல்லெஸ்கி கட்டி முடித்த பெருங் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தோம். உஃபீட்சி சித்திரசாலையிற் கால் கடுக்க நடந்தோம். ஆர்னோ நதியின் பழைய பாலத்தில் நின்று மாலை வெயிலைக் கண்டோம். நான்காம் நாள் நகருக்கு வெளியே ஓரிடம் சென்று வருவதென்பது முன்னரே செய்த தீர்மானம். எவ்விடம் என்பதிலேதான் சிக்கல்.

அக்கா வடமராட்சியில் ஒரு பாடசாலையில் 34 ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து இளைப்பாறியவர். கலிலியோவின் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையிலே பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை வரைந்து, அதன் உச்சியிலிருந்து பெரிதும் சிறிதுமாக இரு குண்டுகள் ஒருங்கே விழுவதாகக் காட்டுவார். அந்தக் கதை கலிலியோவின் மாணாக்கரான விவியானி பிற்காலத்தில் எழுதிவைத்தது, அதை ஐயுறும் ஆராய்ச்சியாளர் பலர் என்பதையும் அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவார். ஆயினும் கோபுரத்தை வரையாமல் விட்டதில்லை. அக்கோபுரம் இப்பொழுது எங்களுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரத்தில், புகையிரதத்தில் ஒரு மணித்தியாலப் பிரயாணத்தில் நின்றது.

என் ஆசையோ சியெனா நகரின்மேல். 30 ஆண்டுகள் கச்சேரியில் இலிகிதனாகக் கோவைகளோடு மாரடித்தவன் நான். நல்லாட்சி எது, தீய ஆட்சி எது என்பதை மண்டபச் சுவரிலே சித்திரமாகத் தீட்டி, ஆட்சியாளர் கண்ணெதிரே நிற்கும்படி வைத்த ஊர் ஒன்று உண்டென எப்பொழுதோ படித்ததுமுதல், அதைக் காணும் ஆவல் என்னை விடவில்லை.

இனிப் பிரசுரங்களைப் பார்ப்போம். முதலாவது, கடலோரத்துச் செங்குத்தான பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிங்குவே தெர்ரே என்னும் ஐந்து கிராமங்களுக்கு அழைத்தது. போகவும் வரவுமே ஐந்து மணித்தியாலம் வேண்டும்; அங்கே ஏற்றமும் இறக்கமும் அதிகம். அக்காவின் முழங்கால் அதற்கு இடங்கொடாது. இரண்டாவது, கியாந்திக் குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்று மது வகைகளைச் சுவைத்து வருவது. மது அருந்தாத எங்களுக்கு அதில் வேலை இல்லை. மூன்றாவது, பிற்பகலில் மட்டும் பீசா. நான்காவது, சியெனா மட்டும். ஐந்தாவது பிரசுரமே என் மனத்தைக் கவர்ந்தது. சியெனா, கோபுரங்கள் நிறைந்த சான் ஜிமினியானோ, திராட்சைத் தோட்டத்து மதிய உணவு, பீசா ஆகிய அனைத்தும் ஒரே நாளில்!

“அக்கா, உங்கள் ஆசையும் நிறைவேறும், என் ஆசையும் நிறைவேறும். இதைவிட வேறென்ன வேண்டும்?” என்றேன்.

“தம்பி, உன் பென்சிலைத் தா” என்றார் அக்கா.

பிரசுரத்தைத் திருப்பி, அதன் வெற்றுப்புறத்திலே கணக்கெழுதத் தொடங்கினார். காலை எட்டரை மணிக்குப் புறப்பாடு; இரவு எட்டரை மணிக்குத் திரும்புதல்; ஆக 12 மணித்தியாலம். சான் ஜிமினியானோவில் ஒன்று, உணவுக்கு ஒன்றரை, சியெனாவில் இரண்டு, பீசாவில் ஒன்றேகால். கூட்டினால் ஐந்தே முக்கால். மீதி ஆறேகால் மணித்தியாலமும் பஸ்ஸிலும், பஸ் தரிப்பிடத்திலிருந்து ஊருக்குள் நடப்பதிலும் கழியும். இப்பழைய நகரங்களின் உட்பகுதிக்குள் பெரிய பஸ்கள் செல்ல அனுமதியில்லை என்பதை மூன்று நாட்களில் அறிந்திருந்தோம்.

“நாங்கள் பார்க்கப் போவது ஊர்களையா, பஸ்ஸின் ஜன்னலையா?” என்று கேட்டார்.

எனினும் ஆசை எளிதில் விடுமா? விசாரித்தாவது பார்ப்போமென்று, அடுத்த தெருவிலிருந்த பிரயாண முகவரின் காரியாலயத்துக்குச் சென்றோம். அங்கிருந்த இளம்பெண் ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னாள். பெரிய பஸ்ஸில் ஏறத்தாழ 50 பேர் செல்வர். அவர்களோடு வருபவர் வழிகாட்டியல்லர். பயணிகளை எண்ணி ஏற்றி இறக்கும் உடன்செல்பவர். ஊரின் வரலாற்றை விளக்குதற்கு அரசாங்க அனுமதிப் பத்திரம் பெற்ற வழிகாட்டி வேறு. அத்தகையவர் சியெனாவில் மட்டும் ஒரு மணித்தியாலம் உடன் வருவார். பீசாவில் கோபுரத்தின்மேல் ஏறுவதற்குக் குறித்த நேரத்து அனுமதிச் சீட்டு வேண்டும். அது கட்டணத்தில் அடங்காது. ‘வழிகாட்டியுடன் பிரயாணம்’ என்று பிரசுரத்தில் அச்சிட்டிருந்தது பொய்யன்று. ஆனால் அந்தத் தொடரினுள்ளே எத்தனை விதமான பிரயாணங்கள் அடங்கியிருக்கின்றன என்பது கேட்டபின்னரே தெரிந்தது.

கேள்விகளைக் கேட்டவர் அக்கா. வழிகாட்டியா, உடன்செல்பவரா? எத்தனை பேர்? எவ்வளவு தூரம் நடக்கவேண்டும்? நுழைவுக் கட்டணம் அடக்கமா? இவ்வளவுதான். வெளிநாடு செல்லும் நேயர்கள் இந்நான்கையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விடுதிக்குத் திரும்பிக் கோப்பி அருந்துகையில், “அப்படியானால் நாளைக்குப் பீசாவுக்கே போவோம், அக்கா” என்றேன். மனமார்ந்துதான் சொன்னேன் என்று இப்பொழுதும் நம்ப விரும்புகிறேன்.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பின்னர், வகுப்பிலே சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார். கோபுரத்தைக் கட்டத் தொடங்கியது 1173ஆம் ஆண்டில். மூன்றாம் தட்டை எட்டுமுன்னரே ஒருபுறத்து மென்மையான நிலம் அமிழ்ந்துவிட்டது. இடையிடையே பல்லாண்டுகள் வேலை நின்றது. அவ்விடைவெளியில் மண் இறுகியதனாலேயே கோபுரம் விழாமல் தப்பியது. 1990இல் ஆபத்தென்று கருதி அதனை மூடினர். வடபுறத்து அடிநிலத்திலிருந்து சிறிது சிறிதாக மண்ணை அகற்றிச் சாய்வைக் குறைத்து, 2001இல் மீண்டும் திறந்தனர்.

“பார்த்தாயா, பீசாவுக்கு எனக்கு வழிகாட்டி தேவையில்லை. அங்கே போனால் நானே உனக்கு வழிகாட்டி. சியெனாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஊருக்கல்லவா வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கவேண்டும்? என் மகன் வியர்வை சிந்திய காசு, தம்பி. அதற்குப் புதிதாக ஏதேனும் படித்துக்கொண்டு போவோம்.”

தர்க்கத்தில் அவரை வெல்ல என்னால் ஒருநாளும் இயன்றதில்லை. அன்றும் இயலவில்லை. வெல்ல வேண்டுமென்று நான் பெரிதாக முயலவும் இல்லை.

மறுநாட் காலை, பதினால்வர் மாத்திரம் ஏறிய ஒரு சிறிய பஸ்ஸில் தெற்கு நோக்கிச் சென்றோம். ஒன்றேகால் மணித்தியாலத்தில் குன்றின்மேல் செங்கல் நிறமாகச் சியெனா தோன்றியது. எங்களை எதிர்கொண்ட வழிகாட்டி அவ்வூரிலே பிறந்து வளர்ந்த ஓர் அம்மையார், வயது ஐம்பதிருக்கும். தம் பெயரைச் சொல்லுமுன், தாம் ஆமைக் குறிச்சியைச் சேர்ந்தவர் என்று சொன்னார். நகரம் 17 குறிச்சிகளாகப் பிரிந்திருக்கிறது. ஆமை, நத்தை, ஆந்தை, வாத்து என ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 2ஆந் திகதியும் ஆகஸ்ட் 16ஆந் திகதியும் அவற்றுட் பத்துக் குறிச்சிகளின் குதிரைகள் நகரின் நடுவிலுள்ள திடலை மும்முறை சுற்றி ஓடும். ஓட்டம் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏறியவன் விழுந்தாலும் குதிரை முந்தினால் வெற்றி வெற்றியே. அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக ஆண்டு முழுவதும் ஏங்குவதாக அம்மையார் சொன்னபோது, நம் ஊர்த் தேர்த்திருவிழாவை எண்ணி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அத்திடல் சிப்பியின் வடிவில், ஒருபுறமாகச் சரிந்து கிடக்கிறது. செங்கல் பாவிய நிலத்தை வெண்கற் கோடுகள் ஒன்பது பிரிவுகளாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை நகரை ஆண்ட ஒன்பதின்மர் சபையை அவை குறிக்கின்றனவாம். அக்காவின் முழங்காலைக் கவனித்த அம்மையார், எல்லோரையும் அங்கேயே தரையில் அமரச் செய்து, அமர்ந்தபடியே கதை சொன்னார். 50 பேர் கூட்டத்தில் இது நடந்திராது.

பின்பு பேராலயத்துக்குச் சென்றோம். அதனருகே கூரையற்று, வானம் தெரியும் வளைவுகளோடு, ஒரு மாபெருஞ் சுவர் தனியே நிற்கிறது. புளோரன்ஸை விஞ்ச வேண்டுமென்ற வேட்கையால், இருந்த ஆலயத்தையே குறுக்கு மண்டபமாக்கி அதனினும் மிகப் பெரியதொன்றை எழுப்புவதென 1339இல் தீர்மானித்தனர். 1348இல் கொள்ளைநோய் வந்தது. மக்களிற் பெரும்பகுதியினர் மடிந்தனர். தம் பிள்ளைகள் ஐவரைத் தம் கையாலேயே புதைத்ததாக அஞ்ஞோலோ தி தூரா என்பவர் எழுதிவைத்திருக்கிறார். கட்டட வேலை நின்றது, மீண்டும் தொடங்கவேயில்லை. அம்மையார் இதைச் சொல்லி முடித்ததும் எவரும் புகைப்படம் எடுக்கவில்லை.

இறுதியாக நகர மாளிகையின் அந்த மண்டபம். 1338, 1339ஆம் ஆண்டுகளில் அம்புரோஜியோ லொரென்செற்றி தீட்டிய சுவர்ச் சித்திரங்கள். ஒரு சுவரிலே நல்லாட்சி நடக்கும் நகரம்: கூரைமேல் கொத்தர் வேலை செய்கின்றனர், கடைகள் திறந்திருக்கின்றன, மங்கையர் கைகோத்து ஆடுகின்றனர், மதிலுக்கு வெளியே உழவர் அச்சமின்றி உழுகின்றனர். ஒரு மூலையில் ஆசிரியர் ஒருவர் மாணாக்கருக்குப் பாடஞ் சொல்கின்றார். அவரை முதலிற் கண்டுபிடித்தவர் அக்காவே.

எதிர்ச் சுவரிலே தீய ஆட்சி. கொம்பு முளைத்த கொடுங்கோலன் அரியணையில் வீற்றிருக்க, நீதி தேவதை கட்டுண்டு அவன் காலடியிற் கிடக்கிறாள். வீடுகள் இடிந்திருக்கின்றன, வயல்கள் பாழ்பட்டிருக்கின்றன, ஊரில் தொழில் நடப்பது ஆயுதஞ் செய்பவனிடம் மட்டுமே. அச்சம் என்னும் உருவம் வாளேந்தி வானில் மிதக்கிறது. காலத்தால் அந்தச் சுவரே மற்றையதைவிட மிகுதியாகச் சிதைந்தும் போயிருக்கிறது.

அம்மையார் விளக்கம் சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்கு நகர்ந்தார். கூட்டமும் நகர்ந்தது. அக்கா அசையவில்லை. இடிந்த வீடுகளுக்கு எதிரே வெகுநேரம் நின்றார். அழைப்பதற்காக அருகே சென்றேன்.

“இந்தச் சுவருக்கு மட்டும் எங்களுக்கு வழிகாட்டி வேண்டாம், தம்பி” என்றார் மெதுவாக.

எங்களைத் தேடி அம்மையார் திரும்பி வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இலங்கையின் வடபகுதி என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களைச் சற்று இருக்கச் சொல்லிவிட்டு, அக்காவின் கையைப் பற்றி மறுபடியும் முதற் சுவரண்டை அழைத்துச் சென்று, பாடஞ் சொல்லும் அந்த ஆசிரியரின் எதிரே நிறுத்தினார். இருவரும் அங்கே பேசாமல் நின்றனர்.

அக்கா பீசாவைக் காணவில்லை. எழுபதைக் கடந்த அவர் இனி அத்துணைத் தூரம் பிரயாணஞ் செய்வாரென்றும் நான் எண்ணவில்லை. சியெனாவைத் தெரிந்தெடுத்ததற்காக வருந்துகிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். “பீசாவையும் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பஸ்ஸில் அல்ல” என்றார்.

அன்று அக்கா கணக்கெழுதிய பிரசுரம் என் பிரயாணப் பையின் அடியில் இருந்தது. ஊர் வந்து பல மாதங்கள் கழிந்தபின் கையில் அகப்பட்டது. ஐந்தே முக்கால், ஆறேகால் என்ற எண்களுக்குக் கீழே, நான் அன்று கவனியாத சிறிய எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. ‘எனக்கு – பீசா’ என்பது ஒன்று. ‘தம்பிக்கு – சியெனா’ என்பது மற்றது. முதல் வரியின்மேல் ஒரு கோடு கீறப்பட்டிருந்தது. எந்தக் காரியாலயத்துக்கும் போகுமுன்னே, நான்கு கேள்விகளையும் கேட்குமுன்னே, கணக்கை எழுதிய அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே அக்கோட்டை அவர் கீறியிருக்க வேண்டும். அதன்பின் அந்தப் பென்சில் என் சட்டைப் பையிலேயே இருந்தது.