தட்டு மருத்துவமும் காரண ஆராய்ச்சியும்

உடலிற் சில புள்ளிகளை விரல் நுனியால் தட்டியவாறே தன் துயரை நினைந்து சொல்லுதல் ஒரு சிகிச்சை முறையாகும். அமெரிக்க உளநூலறிஞர் றொஜர் கலஹன் 1980களில் வகுத்த முறையை, 1990களிற் கரி கிறெய்க் எளிதாக்கினார். சீன மருத்துவங் கூறும் உயிராற்றல் நாடிகள் இப்புள்ளிகளாற் சீர்ப்படும் என்பது அவர்தங் கொள்கை.

அஃது உண்மையாயின், புள்ளி மாறப் பயனும் மாறல் வேண்டும். 2003ஆம் ஆண்டில் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், மாணவருள் ஒரு சாரார் உரிய புள்ளிகளிலும், ஒரு சாரார் கையின் வேறிடங்களிலும், ஒரு சாரார் பொம்மையொன்றின் மீதும் தட்டினர். எஞ்சியோர் காகித விளையாட்டுப்பொருள் செய்தனர். தட்டிய முத்திறத்தாரும் அச்சங் குறைந்ததென்றனர், எஞ்சியோர்க்குக் குறையவில்லை.

எனவே பயன் உண்டெனினும், புள்ளியே காரணம் என்பது நிலைபெறவில்லை. அஞ்சியதனைத் துணிந்து நினைத்தலே காரணமாதலுங் கூடும். குணம் உண்மையாதல் வேறு. அதற்குக் கூறுங் காரணம் உண்மையாதல் வேறு. ஆராய்ச்சி மாணவன் முதற்கண் அறியத்தக்கது இவ்வேறுபாடே.