ஊசிக்கு வழிகாட்டும் இயந்திரக் கை

நுரையீரலில் சிறு கட்டி ஒன்று ஸ்கானில் தெரிந்தால், அது புற்றுநோயா அல்லவா என்பதைப் படம் மட்டும் முடிவாகச் சொல்லிவிடாது. பெரும்பாலும் நீண்ட மெல்லிய ஊசியைச் செலுத்தி, கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். வழமையான முறையில் வைத்தியர் ஊசியைச் சிறிது செலுத்துவார். ஸ்கான் எடுத்துப் பார்ப்பார். கோணத்தைத் திருத்தி மீண்டும் ஸ்கான் எடுப்பார். ஒவ்வொரு தடவையும் நோயாளியின் உடலில் கதிர்வீச்சு சேர்கிறது.

இவ்வேலைக்கு இயந்திரத்தின் துணையைத் தேடுவது புதிதன்று. 1985ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில், 'பூமா 560' என்னும் தொழிற்சாலை ரோபோ, மூளைக் கட்டியை நோக்கி ஊசிக்கு வழிகாட்டியது. பின்னர் சென்னையைச் சேர்ந்த பெர்ஃபின்ட் நிறுவனம் 'ரோபியோ இ.எக்ஸ்.' என்ற கருவியை ஆக்கியது அன்பர்கள் பெருமையுடன் அறியவேண்டிய செய்தியாகும். ஸ்கான் படத்தில் கட்டியையும், தோலில் ஊசி நுழையவேண்டிய இடத்தையும் வைத்தியர் குறித்துக் கொடுத்தால், கணினி கோணத்தையும் ஆழத்தையும் கணக்கிடும். இயந்திரக் கை அக்கோணத்தில் ஊசிக்கு வழியைப் பிடித்து நிற்கும். ஊசியைச் செலுத்துவது வைத்தியரின் கையே.

குறித்த இடத்தை ஊசி சரியாக அடைகிறதா? முதலில் உடல் போன்ற மாதிரிப் பொம்மைகளில் ஊசியைச் செலுத்தி, ஊசிமுனைக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீற்றரில் அளப்பார்கள். ஆனால் பொம்மை மூச்சு விடுவதில்லை. மனிதர் மூச்சுவிடும்போது நுரையீரலும், அதிலுள்ள கட்டியும் அசைகின்றன. ஆகவே நோயாளிகளிடத்தும் சோதிப்பது அவசியமாகிறது.

அத்தகைய சோதனை இங்கு இத்தாலியிலேயே நடந்தது. ரோம் நகரின் சப்பியென்சா பல்கலைக்கழக வைத்தியர்கள், நுரையீரல் பரிசோதனைக்கு வந்த 100 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குச் சென்னைக் கருவியின் துணையுடனும், மற்றவர்களுக்கு வழமைபோலவும் ஊசி செலுத்தப்பட்டது. முடிவு 2015இல் வெளியாயிற்று. ஊசியின் துல்லியம், நோயறியும் திறன், சிக்கல்கள் ஆகிய மூன்றிலும் இரு பிரிவும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. இயந்திரத்தின் துணையால் குறைந்தவை நேரமும் கதிர்வீச்சுமே.

பழகிய கையை இயந்திரம் வென்றுவிடவில்லை. அந்தக் கையின் தேடலையே குறைத்தது. எனவே பரிசோதனைக்கு அழைக்கப்படும் அன்பர்கள், ரோபோ உள்ள வைத்தியசாலையைத் தேடி நாட்களைக் கடத்தவேண்டாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியருக்குச் சொல்லவேண்டும். மூச்சை அடக்கும் முறையையும் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். பகேரியாவிலுள்ள பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இரண்டு சொற்களைக் கற்பித்து அனுப்புவது நன்று: 'நொன் ரெஸ்பீரி' என்றால் மூச்சை அடக்குங்கள், 'ரெஸ்பீரி' என்றால் மூச்சு விடுங்கள். எந்தக் கருவியானாலும், நோயாளி அசையாதிருப்பதும் ஊசியின் துல்லியத்தில் ஒரு பங்காகும்.