எதிர்த்தரப்பின் கதையையும் படிப்போம்: நூலகம் வழியே அமைதி வளர்க்கும் இளைஞர்கள்

இளைஞர்களுக்கு அமைதியைப் போதிக்க நம்மிடம் வழக்கமான வழிகள் உண்டு: உறுதிமொழி, பேரணி, கட்டுரைப் போட்டி. அன்று மாலையே எல்லாம் முடிந்துவிடும். வெறுப்பு அப்படி ஒரே நாளில் முடிவதில்லை. வீட்டுப் பேச்சிலும் தெருப் பேச்சிலும் கைப்பேசிக்கு வரும் காணொளிகளிலும் அது தினமும் ஊறுகிறது. அதை எதிர்கொள்ளத் தினமும் திறந்திருக்கும் ஓர் இடம் வேண்டும். நூலகம் அப்படிப்பட்ட இடமாக முடியும் என்பதைப் போரில் நொறுங்கிப்போன ஜெர்மனி காட்டியிருக்கிறது.

நாஜிகள் கட்டிய மண்டபத்தில்

யெல்லா லெப்மன் 1891-இல் ஷ்டுட்கார்ட் நகரில் பிறந்த யூதப் பத்திரிகையாளர். நாஜி ஆட்சியில் வேலையை இழந்து, 1936-இல் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் தஞ்சமடைந்தார். போர் முடிந்ததும், 1945-இல், அமெரிக்க ராணுவத்தின் பெண்கள் மற்றும் இளையோர் விவகார ஆலோசகராகத் தாய்நாட்டுக்குத் திரும்பினார். 12 ஆண்டுகள் நாஜிகளின் பாடத்தையே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இடிபாடுகளுக்கு நடுவே நின்றார்கள். அவர்களுக்குச் சோறும் துணியும் மட்டும் போதாது, பிற நாட்டுப் பிள்ளைகளின் கதைகளும் வேண்டும் என்றார் லெப்மன்.

20 நாடுகளுக்குக் கடிதம் எழுதி, குழந்தைகளுக்கான நூல்களை நன்கொடையாகக் கேட்டார். பெல்ஜியம் முதலில் மறுத்தது. இரண்டு முறை ஜெர்மனியின் படையெடுப்பைச் சந்தித்த நாடு அது. லெப்மன் விடவில்லை. மூன்றாவது படையெடுப்பு நிகழாமல் இருக்க வேண்டுமானால், ஜெர்மானியப் பிள்ளைகள் வேறு மாதிரி வளர வேண்டும் என்று மீண்டும் எழுதினார். பெல்ஜியமும் நூல்களை அனுப்பியது.

1946 ஜூலை 3-ஆம் தேதி மியூனிக் நகரில் அந்த நூல்களின் கண்காட்சி திறக்கப்பட்டது. நடந்த இடம், நாஜிகள் தங்கள் கலைப் பெருமைக்காகக் கட்டிய மண்டபம். அங்கே 14 நாடுகளின் சிறுவர் நூல்கள் வரிசையாக நின்றன. பிறகு கண்காட்சி வேறு நகரங்களுக்கும் சென்றது. பெர்லினில், புத்தகத்தை ஆசையோடு புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பப்போகும் பிள்ளைகளை எண்ணி, ‘ஃபெர்டினாண்டின் கதை’யை லெப்மன் ஒரே இரவில் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். சண்டை போட விரும்பாமல் மரத்தடியில் பூ வாசம் பிடித்துக்கொண்டிருக்கும் காளையின் கதை அது. செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சாகி, பிள்ளைகளின் கைகளுக்குப் போயின.

படிப்பதோடு நிற்கவில்லை

கண்காட்சிக்கு வந்த நூல்களே 1949 செப்டம்பரில் மியூனிக்கில் திறக்கப்பட்ட சர்வதேச இளையோர் நூலகத்துக்கு அடித்தளமாயின. அலமாரியில் இருந்து பிள்ளைகள் தாங்களே நூலை எடுக்கலாம். படித்ததைப் பற்றிக் கூடி விவாதிக்கலாம். ஓவியக்கூடம், நாடகம், மொழி வகுப்புகள் எல்லாம் அங்கே இருந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் பாணியில் இளையோர் கூடி உலகப் பிரச்சினைகளை விவாதிக்கும் மன்றமும் நடந்தது. தலைவர் சொன்னதை நம்பு என்று பழக்கப்பட்ட தலைமுறை, ஏன் என்று கேட்கப் பழகியது அங்கேதான்.

லெப்மனின் முயற்சியால் 1953-இல் இளையோர் நூல்களுக்கான சர்வதேச வாரியமும் உருவானது. ஏப்ரல் 2-ஆம் தேதி உலகம் முழுவதும் கொண்டாடப்படும் சர்வதேசக் குழந்தைகள் புத்தக தினம், 1967 முதல் அந்த வாரியம் நடத்திவருவது.

டென்மார்க்கில் இளைஞர்களே இன்னொரு பாதையைத் திறந்தார்கள். நண்பர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டதை அடுத்து, 1993-இல் வன்முறைக்கு எதிராக அமைப்பு தொடங்கியவர்கள், 2000-ஆம் ஆண்டு ராஸ்கில்ட இசை விழாவில் ‘மனித நூலக’த்தை நடத்தினார்கள். அங்கே நூலாக அமர்ந்திருப்பவர் ஒரு மனிதர். சமூகம் முன்முடிவோடு பார்க்கும் ஒருவரின் எதிரே உட்கார்ந்து, வாசகர் மனதில் உள்ள கேள்விகளை நேராகக் கேட்கலாம். இன்று பல நாடுகளின் நூலகங்கள் இதைப் பின்பற்றுகின்றன.

வாசிப்பு எதை மாற்றுகிறது?

வெறுப்புக்கு எப்போதும் ஒரு கூட்டப் பெயர் தேவை: ‘அவங்க எல்லாம் அப்படித்தான்’. கதையில் வருகிறவருக்கோ தனிப் பெயரும் பசியும் அம்மாவும் உண்டு. பாமாவின் ‘கருக்கு’ம் தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யும், நாம் போகாத தெருவின் வாழ்க்கைக்குள் நம்மைக் கூட்டிப்போகின்றன. அந்தத் தெருவைப் பற்றி யாராவது பொத்தாம்பொதுவாகப் பேசும்போது, தலையாட்டுவதற்கு முன் யோசிக்கத் தோன்றும்.

புத்தகம் மட்டும் போதும் என்று சொல்லிவிட முடியாது. நன்றாகப் படித்தவர்களும் வெறுப்பைப் பரப்பியிருக்கிறார்கள். தன் பக்கத்துக் கதையை மட்டுமே படிக்கிறவரிடம் பழைய கோபம்தான் இறுகும். அதனால்தான் எல்லாத் தரப்பு நூல்களும் ஒரே அலமாரியில் இருப்பதும், வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்காருவதும் முக்கியமாகின்றன. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை, அமைதியை வளர்ப்பதில் நூலகத்துக்கு உள்ள பங்கை எடுத்துச் சொல்கிறது. 2015-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2250-ஆம் தீர்மானம், இளைஞர்களை அமைதியின் பங்காளிகளாக ஏற்கச் சொல்கிறது.

நம் ஊர் நூலகத்தில்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை, அவருடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்கும் வழிகளைச் சொல்ல அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024-இல் அறிக்கை அளித்தது. அறிக்கையோடு சேர்ந்து, அந்த வயதுப் பிள்ளைகள் சாதி பார்க்காமல் கூடும் இடங்களும் தேவை. அப்படி ஓர் இடத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியே வளர்ந்த கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. பல நூலகங்களில் வாசகர் வட்டமும் உண்டு.

அந்த வட்டத்தை இளைஞர்களிடம் கொடுங்கள். எந்த நூலைப் பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஒரே தெருப் பிள்ளைகளாக இல்லாமல் நான்கு தெருப் பிள்ளைகளும் சேரட்டும். தன் தரப்பைச் சொல்லும் நூல் ஒன்று என்றால், அடுத்தது எதிர்த்தரப்பின் நூலாக இருக்கட்டும். பேச்சு சூடாகும்போது நிறுத்திவிடாமல், அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் மறுப்பைச் சொல்லும் பழக்கத்தை நூலகரும் ஆசிரியரும் ஏற்படுத்தட்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. பெரியவர்களின் பொறுமையும் விடாத தொடர்ச்சியும்தான் வேண்டும். வெறுப்பைக் கற்றுக்கொள்ள எல்லா வாய்ப்பும் கிடைக்கிற நம் பிள்ளைகளுக்கு, அதைக் கேள்வி கேட்கவும் ஓர் இடம் தருவது நம் கடமை.