உயிர் பிரிந்த வேளை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில் ஒருவர் மவுத்தானால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் செய்தி எழுந்த சிறிது நேரத்துக்குள் உற்றாரும் அயலாரும் வாசலிற் கூடிவிடுவர். ஜனாஸாவைத் தாமதியாது அடக்குவது மார்க்க நெறி. ஆகவே, உயிர் பிரிந்த வேளை எது என்பது அங்கே வைத்தியருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. அடக்கம், கணவனை இழந்தவளின் இத்தாக் கணக்கு, வாரிசுப் பங்கு ஆகிய யாவும் அந்த வேளையையே பற்றி நிற்கின்றன.

முன்னாளில் விடை எளிது: மூச்சு நின்றது, நாடி அடங்கியது, அவ்வளவே. செயற்கைச் சுவாச யந்திரம் வந்தபின் அந்த எளிமை மறைந்தது. வீதி விபத்திலே தலையில் அடிபட்ட ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். யந்திரம் அவன் மார்பை உயர்த்தித் தாழ்த்துகிறது. உடலிற் சூடு இருக்கிறது, நாடியும் துடிக்கிறது. வைத்தியரோ, மூளை இறந்துவிட்டது என்கிறார். பெற்ற உம்மா எதை நம்புவாள்?

இருதயம் தன் துடிப்பைத் தானே எழுப்பும் உறுப்பு. பிராணவாயு கிடைக்குமாயின், மூளையின் ஏவலின்றியும் அது சிலகாலம் துடிக்கும். சுவாசம் அவ்வாறன்று, மூளைத்தண்டு ஏவினாலன்றி ஒரு மூச்சும் எழாது. 1959இல் மொலாரே, கூலோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவர் இந்நிலையை முதலில் விவரித்தனர். 1968இல் ஹாவாட் பல்கலைக்கழகக் குழுவொன்று இதனை அறிவதற்கான அளவுகோல்களை வகுத்தது.

பரிசோதனைக்கு முன் மயக்கத்தின் காரணம் ஐயமறத் தெரிந்திருத்தல் வேண்டும். மயக்க மருந்து, நஞ்சு, உடற்குளிர்ச்சி ஆகியவை இல்லையென உறுதிசெய்தல் வேண்டும். வயற்புறத்தார் இதனை நன்கு உணர்வர். இரவில் தரையில் உறங்குவோரைத் தீண்டும் கட்டுவிரியனின் நஞ்சு, கண்ணையும் கைகாலையும் மூச்சையும் ஒருங்கே கட்டிவிடும். இறந்தவர்போற் கிடக்கும் அவர், யந்திரச் சுவாசத்தின் துணையால் நாளடைவில் எழுந்துவிடக்கூடும். அத்தகையோரை மூளை இறந்தவராகக் கொள்ளல் பெரும்பிழை.

அதன்பின், கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை அசைகிறதா, காதில் குளிர்நீர் செலுத்தினால் விழி திரும்புகிறதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் எழுகிறதா எனச் சோதிப்பர். ஈற்றில் யந்திரச் சுவாசத்தை நிறுத்தி, பிராணவாயுவை மட்டும் செலுத்தியபடி, குருதியிற் கரியமிலவாயு உயரும்வரை காத்திருப்பர். மூளைத்தண்டில் உயிர் எஞ்சியிருப்பின் ஒரு மூச்சாவது எழும். அனுபவமுள்ள வைத்தியர் இருவர் இருமுறை சோதிப்பது பல நாடுகளின் வழக்கம். முள்ளந்தண்டின் செயலால் கைகால் சிறிது அசைவதுண்டு. அது மூளை உயிருடன் இருப்பதற்குச் சான்றாகாது.

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றீட்டுச் சட்டம், மூளையின் தொழிற்பாடு யாவும் மீளாவண்ணம் நின்றுவிடுவதை மரணமாக ஏற்கிறது. மார்க்க அறிஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். 1986இல் அம்மானிற் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம் இதனை மரணமெனவே ஏற்றது. 1987இல் மக்காவிற் கூடிய ஃபிக்ஹுப் பேரவையோ, யந்திரத்தை அகற்றலாம், ஆயினும் மூச்சும் இருதயமும் நின்ற பின்னரே மரணமெனக் கொள்ளல் வேண்டும் என்றது. யந்திரத்தை அகற்றலாம் என்பதில் இரண்டும் ஒன்றே. அகற்றியபின் இருதயம் விரைவில் அடங்கிவிடுமாதலால், அடக்கத்தைப் பொறுத்தவரை வேற்றுமை சிறிது. உறுப்புத் தானத்திலேதான் அது பெரிதாகிறது.

இங்கே மூன்று வினாக்களைப் பிரித்தறிதல் நன்று. மரணம் நிகழ்ந்ததா என்பது பரிசோதனையால் தீரும் வினா. அதற்கு உறவினரின் சம்மதம் தேவையில்லை. உறுப்பைத் தானஞ்செய்வதா என்பது, இறந்தவரின் விருப்பத்தையும் குடும்பத்தின் மனச்சாட்சியையும் பொறுத்தது. தானே மூச்சுவிட்டு, கண் திறந்தும் அறிவின்றிக் கிடப்பவருக்குச் சிகிச்சை எதுவரை என்பது மூன்றாவது. அவர் இறந்தவர் அல்லர். இந்திய உச்ச நீதிமன்றம் 2011இலும் 2018இலும் ஆராய்ந்தது இம்மூன்றாம் வினாவையே.

இம்மூன்றும் ஒரே மூச்சில் பேசப்படும்போதுதான் வைத்தியர்மீது ஐயம் பிறக்கிறது. பரிசோதனை இன்னதென முன்னரே விளக்கி, குடும்பத்தார் விரும்பினால் அந்த மூச்சுச் சோதனையை அருகிருந்து காணவும் விடுவது நலம். காத்திருந்தும் மகனிடம் மூச்சு எழாததைக் கண்ணாற் கண்ட தாய்க்கு, யந்திரம் நிறுத்தப்பட்டதால் அவன் இறந்தான் என்ற மனவேதனை வாழ்நாள் முழுதும் இராது.