ஆண்களை உள்ளே பூட்டிய ஒரு கனவு

விஞ்ஞானப் புனைகதை என்றதும் பலருக்கு விண்கலமும் வேற்றுக்கிரகவாசியும்தான் நினைவுக்கு வரும். சமூக அநீதியை வாசகரின் முகத்துக்கு நேரே நிறுத்த அது எவ்வளவு உதவும் என்பதை எனக்குக் காட்டியது, 1905இல் வெளியான 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை.

எழுதியவர் பேகம் ரொக்கேயா. இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் பகுதியில், பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் வாழவேண்டியிருந்த ஒரு நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அதை முதலில் வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகை.

கதையில் வரும் பெண்ணாட்டில் ஆண்கள் உள்ளறைகளில் அடைபட்டுச் சமைக்கிறார்கள், பிள்ளை பார்க்கிறார்கள். ஆட்சியும் ஆராய்ச்சியும் பெண்கள் கையில். அடுப்பு எரிவது சூரிய வெப்பத்தில். தண்ணீரை மேகத்திலிருந்தே பலூன் மூலம் எடுக்கிறார்கள். ஆண்கள் அலுவலகத்தில் நாள் முழுக்கச் செய்த வேலை இப்போது 2 மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு சுருட்டுக்கு அரை மணித்தியாலம், நாளுக்கு 12 சுருட்டு என்றால் 6 மணித்தியாலம் புகையிலேயே போய்விடுகிறது என்று கணக்குக் காட்டுகிறார் ரொக்கேயா. (சுருட்டுக்குப் பதில் கைத்தொலைபேசியைப் போட்டுப் பாருங்கள்.)

அந்த நாட்டுத் தெருவில் பட்டப்பகலில் நடக்கச் சுல்தானா கூச்சப்படுகிறாள். இவள் ஆண்களைப் போல இருக்கிறாளே என்று வழியில் போகிறவர்கள் கேலி செய்கிறார்கள். அங்கே அச்சமும் நாணமும் ஆண்களின் குணங்கள். கூச்சம் பெண்ணின் பிறவிக்குணம் அல்ல, அடைத்து வைத்ததன் விளைவு என்பதை விளக்க ரொக்கேயாவுக்கு அந்த ஒரு கேலி போதும்.

வெளியே பெண்களுக்குப் பாதுகாப்பில்லையே என்கிறாள் சுல்தானா. மனநோயாளிகள் தப்பி வந்து ஆட்களைத் தாக்கினால் யாரைப் பிடித்து அடைப்பீர்கள், அவர்களையா மற்றவர்களையா என்று திருப்பிக் கேட்கிறாள் உடன் வந்தவள். அந்தக் காலத்து உவமை, இன்று உறுத்தத்தான் செய்யும். ஆனால் கேள்வி பழசாகவில்லை. ஒரு பெண் தாக்கப்பட்ட செய்தியை எழுதி அனுப்பினால், "அந்த நேரத்தில அவ அங்க ஏன் போனவ?" என்று ஆசிரியபீடத்திலிருந்தே என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

கதையை வாசிக்கும் ஆணுக்கு எரிச்சல் வரலாம். ஆணாகப் பிறந்ததற்காக ஒருவரை எப்படிப் பூட்டி வைக்கலாம் என்று கேட்கத் தோன்றும். கேட்டதும் அவர் அகப்பட்டுவிடுகிறார், ஏனென்றால் அதே கேள்வி தன் வீட்டுக்கும் பொருந்தும். கட்டுரையென்றால் மதம், மரபு, பாதுகாப்பு என்று மறுப்புச் சொல்லித் தப்பலாம். ரொக்கேயா கட்டுரைகளும் எழுதினார், அவற்றுக்குக் கடும் எதிர்ப்பு வந்தது.

பின்னர் 1911இல் கல்கத்தாவில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை நடத்தத் தொடங்கினார். மாணவிகளை ஏற்றிவர முழுவதும் மூடிய ஒரு பஸ் தேவைப்பட்டது. உள்ளே இருட்டிலும் புழுக்கத்திலும் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அடைப்பை எடுத்துவிட்டுத் திரைச்சீலை போட்டபோது, காற்றில் திரை விலகுகிறது என்று கண்டித்துக் கடிதங்கள் வந்தன.